பையனுக்கு ரெண்டு சைட் இருக்கு

பெங்களூரில் பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளையின் அருமை பெருமைகளைச் சொல்லும்போது, "பையனுக்கு எலகங்காவுல ரெண்டு சைட் இருக்கு" என்பார்கள். இதையே மதுரையில் சொன்னால் சம்பந்தம் அங்கேயே முறிந்துவிடும்.

பார்வையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இடத்தைக் குறிக்கும் சொல்லும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. முதலாவதை நாம் அடிப்பதற்கு வைத்துக்கொண்டோம். இரண்டாவதை இன்ஜினீயர்களுக்கு விட்டுவிட்டோம். "சார் சைட்டுக்குப் போயிருக்கார்" என்றால் எங்கோ கான்கிரீட் போடுகிறார்கள். பெங்களூரிலோ சைட் என்றதும் நினைவுக்கு வருவது இன்னும் ஒன்றும் கட்டாத நிலம்.

கன்னடத்தில் இதற்கு 'நிவேசன' என்ற மரியாதையான சொல் உண்டு. பத்திரிகைகள் அப்படித்தான் எழுதும். தர்ஷினி ஓட்டல்களில் நின்றபடி காபி குடிப்பவர்கள் 'சைட்டு' என்றுதான் பேசுகிறார்கள். தமிழில் 'மனை' இருக்கிறது, நல்ல சொல். ஆனால் நம் ஊர் புரோக்கர் வாயில் வருவது 'பிளாட்'. அது காலி நிலமா, மூன்றாவது மாடி வீடா என்று இன்னொரு முறை கேட்க வேண்டியிருக்கிறது. இந்த விஷயத்தில் பெங்களூர்க்காரர்கள் தெளிவு.

அளவிலும் அப்படியே. சென்னையில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதே பரப்பு பெங்களூரில் 'ஃபார்ட்டி சிக்ஸ்டி'. நடுத்தரக் குடும்பம் ஆசைப்படுவது 'தர்ட்டி ஃபார்ட்டி', அதாவது அரை கிரவுண்டு. நீள அகலமும் சேர்ந்தே வந்துவிடுவதால், கார் நிறுத்த முடியுமா என்று மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டுவிடலாம்.

சைட்டுக்கு முன்னால் வரும் அடைமொழியில்தான் வில்லங்கம். 'பி.டி.ஏ. சைட்' என்றால் அரசின் வளர்ச்சி ஆணையம் ஒதுக்கியது, கடன் கொடுக்க வங்கி தயங்காது. அந்த ஆணையத்தின் 'கார்னர் சைட்' ஏலத்துக்குப் போகும். 'ரெவின்யூ சைட்' விளைநிலத்தை முறையாக மாற்றாமல் கூறு போட்டது. விலை குறைவு, தூக்கமும் குறைவு. சைட் அரசியல்வாதிகளின் தூக்கத்தையும் கெடுக்கும். 2024இல் கர்நாடக முதல்வராக இருந்த சித்தராமையாவின் மனைவிக்கு மைசூரில் ஒதுக்கப்பட்டிருந்த 14 சைட்டுகள் அந்த ஆண்டு மாநில அரசியலையே ஆட்டிவைத்தன. கடைசியில் மனைவி அவற்றைத் திருப்பிக் கொடுத்தார். தமிழில் 'வீட்டு மனைகள்' என்று படித்தபோது செய்தியின் காரம் பாதி இறங்கியிருந்தது.

உரிமையாளருக்கே தெரியாமல் சைட்டை விற்றுவிடும் சாமர்த்தியசாலிகள் பெங்களூரில் உண்டு. அதனால் காலி சைட்டுகளில் 'இது விற்பனைக்கு அல்ல' என்று பெயர், போன் நம்பரோடு பலகை வைக்கிறார்கள். அந்த நம்பருக்கே கூப்பிட்டு, "என்ன விலை சார் சொல்றீங்க?" என்கிறார்கள் புரோக்கர்கள்.