பூட்டுக்குக் காவல் நிற்கும் சர்வர்கள்

டேட்டாபேஸ் சர்வர் உறைந்து நின்றால் நம் அலுவலகங்களில் எழும் முதல் குரல் "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்பதுதான். பண்ணியதும் சரியாகிவிடுகிறது, சில நாட்களில் மறுபடியும் நிற்கிறது. ஏன் நின்றது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியை நாமே அழித்துவிடுகிறோம். வங்கிக் கணக்கும் மருத்துவமனைப் பதிவும் ஓடும் சர்வர்களில் இந்தப் பழக்கத்தை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் அடிக்கடி நடப்பது இது. ஒரு செயலி டிரான்சாக்‌ஷனைத் திறந்து, ஆர்டர் டேபிளில் ஒரு வரியைப் படித்துவிட்டு, கமிட் செய்யாமல் வெளிச் சேவை ஒன்றின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. அதனால் யாருக்கும் தொந்தரவில்லை. அந்நேரம் பார்த்து, புதிய நெடுவரிசை ஒன்றைச் சேர்க்க யாரோ ஆல்டர் டேபிள் கொடுக்கிறார். அதற்கு டேபிள் முழுவதற்குமான பூட்டு வேண்டும், கிடைக்காமல் நிற்கிறது. பின்னால் வரும் ஒவ்வொரு செலக்டும் அதன் முதுகுக்குப் பின்னால் வரிசையில் சேர்கிறது. மாற்றாமல் விட்டிருந்தால் கனெக்‌ஷன் வரம்பு 100தான். அது நிரம்பியதும் புதிதாக யாரும் உள்ளே வர முடியாது. சிபியு வரைபடமோ அமைதியாகவே இருக்கும்.

இது டெட்லாக் அல்ல. டெட்லாக் என்றால் போஸ்ட்கிரெஸே ஒரு நொடியில் சோதித்து ஒன்றைக் கைவிடும். இங்கே மனிதர்தான் பார்க்க வேண்டும். தேங்கி நிற்கும் செலக்டுகளைக் கொல்வதில் பயனில்லை. யார் யாரைத் தடுக்கிறார் என்பதை பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் காட்டும். அந்தச் சங்கிலியைப் பிடித்துப் போனால் அடியில் 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' என்று ஒரு செஷன் சும்மா உட்கார்ந்திருக்கும். அதைத் துண்டித்தால் வரிசை நகரும். பதற்றத்தில் 'கில் -9' அடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதனால் எல்லா இணைப்புகளும் அறுந்து, சர்வர் மீட்புக்குப் போகும்.

சும்மா கிடக்கும் டிரான்சாக்‌ஷனைத் தானே துண்டிக்கும் வசதி 2016இல் வந்த 9.6 பதிப்பிலேயே இருக்கிறது. ஆனால் அதன் இயல்பு மதிப்பு பூஜ்யம். அதாவது வரம்பே இல்லை. இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லில் மெட்டாடேட்டா பூட்டுக்கான காத்திருப்பின் இயல்பு வரம்பு 3,15,36,000 நொடிகள், முழுதாக ஓராண்டு! இந்த இயல்பு மதிப்புகளை அப்படியே விட்டுவைத்திருக்கும் ஒவ்வொரு நிர்வாகமும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆல்டருக்கு முன் லாக் டைம்அவுட்டைச் சில நொடிகளாக வையுங்கள். செயலிகளின் சும்மா இருப்புக்கு வரம்பிடுங்கள். பூட்டுக் காத்திருப்புகள் சர்வர் பதிவேட்டில் இடம்பெறட்டும். ரீஸ்டார்ட்டுக்கு முன், செஷன்களின் நிலையைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைச் சேமிப்பது பணி விதியாகட்டும். இவற்றில் எதற்கும் சர்வரை நிறுத்த வேண்டியதில்லை, இன்றிரவே செய்துவிடலாம்.