முதலில் படம், பிறகு பட்டை

‘அம்பர்’ என்றவுடன் நம்மில் பலருக்கு அத்தர்க் கடைதான் நினைவுக்கு வரும். அது திமிங்கிலத்தின் குடலில் உண்டாகும் மணப்பொருள். நான் சொல்ல வந்த அம்பர் வேறு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் மரத்தில் வழிந்த பிசின், மண்ணில் புதைந்து இறுகிக் கல்போல் ஆனது. அந்தப் பிசினில் சிக்கிய எறும்பும் கொசுவும் சிலந்தியும் இன்றும் கால் மயிர் கலையாமல் உள்ளே இருக்கின்றன.

இருந்தும் என்ன பயன்? தோண்டியெடுத்த கட்டி அழுக்கேறி, மேடு பள்ளமாக இருக்கும். வளைந்த பரப்பு ஒளியைக் கோணலாக்கும். உள்ளிருக்கும் பூச்சி தெளிவாகத் தெரியாது. ஆகவே பூச்சியின் பக்கத்துக்கு இணையாக ஒரு தட்டையான முகம் தேய்த்தெடுக்க வேண்டும். முதலில் சொரசொரப்பான உப்புத்தாள், பின்னர் படிப்படியாக நயமான தாள், இறுதியில் மெருகு. எல்லாம் தண்ணீர் விட்டே செய்யவேண்டும். சூடேறினால் அம்பர் வெடிக்கும். பின்பு ஒரு துளி கிளிசரின் இட்டு மெல்லிய கண்ணாடி வில்லையால் மூடினால் எஞ்சிய கீறல்களும் கண்ணுக்கு மறைந்துவிடும். உருப்பெருக்கியில் ஒரே சமயத்தில் ஒரு தளம்தான் தெளிவாகத் தெரியும் என்பதால், ஆழம் மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்துக் கணிப்பொறியில் ஒன்றாக இணைக்கிறார்கள்.

இதை நானும் செய்து பார்க்க விரும்பினேன். அம்பருக்கு எங்கே போவது? நாட்டுமருந்துக் கடையில் வெள்ளைக் குங்கிலியம் வாங்கினேன். ஒரு கட்டிக்குள் ஓர் எறும்பு இருந்தது! ஆவலோடு தேய்த்தேன். ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று தேய்த்ததில் எறும்பின் ஓர் உணர்கொம்பு தூளாகித் தண்ணீரோடு போயிற்று. அதற்கு முன் அதை ஒரு படம்கூட நான் எடுத்திருக்கவில்லை. போனது குங்கிலியத்து எறும்பு, வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். 4 கோடி ஆண்டு எறும்பாக இருந்திருந்தால்?

அன்றுதான் எனக்கு இக்கருத்து உறுதிப்பட்டது: அம்பரில் உப்புத்தாள் படுமுன், கட்டி முழுவதையும் எல்லாப் பக்கமும் படம் எடுத்தாக வேண்டும். பூச்சியை மட்டுமன்று, பூச்சியைச் சுற்றியுள்ள பிசினையும், குமிழியையும், வெடிப்பையும் எடுக்கவேண்டும்.

இது வீண் கண்டிப்பு என்பார்க்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்வேன். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பால்டிக் அம்பருள் ஓர் ஈ இருந்தது. வில்லி ஹென்னிக் என்ற பேரறிஞரே 1966ஆம் ஆண்டில் அதை உண்மையான புதைபடிவமாக ஏற்று எழுதினார். இன்று வாழும் ஈ இனம் ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகள் மாறாமலே இருந்ததென்றால் வியப்பன்றோ? 1993இல் ஆண்ட்ரூ ராஸ் என்பவர் அதை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, விளக்கின் சூட்டில் ஈயைச் சுற்றி ஒரு வெடிப்புத் தோன்றியது. அம்பரை இரண்டாகப் பிளந்து, குடைந்து, இக்காலத்து ஈயொன்றை வைத்து ஒட்டியிருந்தார்கள்! குட்டு வெளிப்பட்டது ஈயின் உடலில் அன்று. அதைச் சுற்றியிருந்த பிசினில்.

நம் நாட்டிலும் இதற்கு இடமுண்டு. குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த, சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையான அம்பரைப் பற்றி இந்திய, ஜெர்மானிய, அமெரிக்க அறிஞர்கள் 2010இல் எழுதினர். அது நம் குங்கிலிய மரக் குடும்பத்துப் பிசின் என்பதை அறிந்தபோது என் கட்டியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த அம்பர் முற்றிலும் இறுகாதது. கரைப்பானில் கரைத்துப் பூச்சியை முழுதாக வெளியே எடுக்கலாம். பெரும்பேறுதான். ஆனால் கரைந்தபின் பூச்சி எப்படிச் சிக்கியது, அருகில் எது கிடந்தது என்பதைச் சொல்லப் பிசின் இராது. அங்கும் படமே சாட்சி.

இத்தனை படத்துக்கு நேரம் ஏது, பொருள் ஏது என்று கேட்கலாம். கேள்வி நியாயமே. சிறந்த கருவி எல்லோருக்கும் கிட்டாதுதான். ஆயினும் தேய்க்குமுன் நான்கு பக்கமும் நான்கு படம், பக்கத்தில் ஓர் அளவுகோல் — இதற்குக் கைபேசியும் ஜன்னல் வெளிச்சமும் போதுமே!

நம் செய்முறை வகுப்புகளில் அறுக்கவும் சாயமேற்றவும் கற்கிறோம். அறுக்குமுன் பதிவு செய்யவும் கற்பிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். என் எறும்பு இன்னும் மேசைமீது இருக்கிறது, ஒற்றைக் கொம்போடு. இப்போது அதற்குப் பன்னிரண்டு படங்கள் உண்டு. இழந்த கொம்பு மட்டும் எந்தப் படத்திலும் இல்லை.