கண்ணாடித் தொட்டிக்குக் கால்வாய்ச் செடியே போதும்

பள்ளிகளில் மீன்தொட்டி வைக்கும் வழக்கம் இப்போது பெருகி வருகின்றது. அலுவலக வாயிலிலோ நூலக மூலையிலோ ஒரு கண்ணாடித் தொட்டி, அதனுள் சிவப்பும் நீலமுமாய்ச் சாயமேற்றிய கற்கள், பிளாஸ்டிக்கினாற் செய்த செடிகள், குமிழி விடும் சிறு கருவி, நான்கைந்து மீன்கள். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கின்றது. ஆயினும் அத்தொட்டியிலிருந்து மாணவர் கற்றுக்கொள்ளத்தக்கது யாது என வினவினால் விடை கூறுவது அரிது. மீன் நீந்துகின்றது, அவ்வளவே.

நம் பள்ளிக்கும் இத்தகைய தொட்டி ஒன்று வேண்டுமெனப் பெற்றோர் சிலர் விரும்புகின்றனர். நன்கொடை அளிக்கவும் முன்வந்துள்ளனர். அவர்தம் நல்லெண்ணத்தைப் போற்றுகின்றேன். தொட்டி வேண்டும் என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை. ஆனால் அதனுள் நடுவதற்குப் பிளாஸ்டிக் செடியும் வேண்டா. கடையில் விலை கொடுத்து வாங்கும் அயல்நாட்டு நீர்ச்செடியும் வேண்டா. நம் நாட்டுக் குளங்களிலும் கால்வாய்களிலும் தானே முளைத்துத் தழைக்கும் ஹைட்ரில்லா என்னும் எளிய செடியே போதும் என்பது என் துணிபு.

ஹைட்ரில்லாவைப் பார்த்திராத பெரியவர் நம்மிடையே குறைவு. பெயர்தான் புதிதாகத் தோன்றும். நீருக்குள் நீண்டு கிடக்கும் மெல்லிய பச்சைத் தண்டு. அதில் கணுவுக்குக் கணு நான்கைந்து சிற்றிலைகள் வட்டமாகச் சூழ்ந்திருக்கும். இலையின் ஓரத்தைக் கைவில்லையால் நோக்கின் அரம்போன்ற நுண்ணிய பற்கள் புலப்படும். நீருக்குள் பச்சையாய்க் காண்பன யாவற்றையும் நாம் பாசி என்றே அழைத்துப் பழகிவிட்டோம். இஃது உண்மையான பாசி அன்று. வேரும் தண்டும் இலையும் பூவும் உடைய செடியே. இதன் ஆண்பூ செடியினின்று விடுபட்டு நீர்மேல் வந்து மிதக்கும் விந்தையை எந்தப் பிளாஸ்டிக் செடியும் காட்டாது.

இதனைப் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம், ஒளிச்சேர்க்கை என்னும் பாடத்தை இச்செடி கண்முன்னே நடத்திக் காட்டும் என்பதே. டச்சு நாட்டில் பிறந்த யான் இங்கன்ஹவுஸ் என்ற மருத்துவர் 1779ஆம் ஆண்டில், நீரில் அமிழ்த்திய பச்சை இலைகள் வெயிலில் குமிழி விடுவதையும் இருளில் விடாதிருப்பதையும் ஆராய்ந்து, செடிகள் நல்ல காற்றை வெளிவிடுவதற்கு ஒளியே காரணம் என நிறுவினார். அவர் செய்ததை நம் மாணவரும் செய்யலாம். ஒரு கண்ணாடிக் குவளை, ஒரு புனல், ஒரு சோதனைக்குழாய் இருந்தால் போதும். குவளை நீரில் ஹைட்ரில்லாத் தண்டுகளை இட்டு, அவற்றின்மேல் புனலைக் கவிழ்த்து, புனலின் காம்பின்மேல் நீர் நிரம்பிய குழாயைக் கவிழ்த்து வெயிலில் வைத்தால் முத்து முத்தாகக் குமிழிகள் மேலெழும். வெயிலில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை, நிழலில் எத்தனை என மாணவர் எண்ணி எழுதட்டும். நீரில் ஒரு சிட்டிகைச் சமையல் சோடா கலந்தபின் மீண்டும் எண்ணட்டும். இவ்வாறு எண்ணிய பிள்ளைக்கு அப்பாடத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை எழாது.

மீனும் செடியும் ஒன்றையொன்று தாங்கி வாழ்வதையும் தொட்டியிலேயே காணலாம். இலண்டன் மாநகரில் வாழ்ந்த வேதியல் அறிஞர் ராபர்ட் வாரிங்டன் 1849ஆம் ஆண்டில், பன்னிரண்டு கேலன் கொள்ளும் கலத்தில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் விட்டுப் பார்த்தார். அழுகிய இலைகளால் நீர் கலங்கியது. அவற்றைத் தின்னும் சிறு நத்தைகளை விட்டதும் நீர் தெளிந்தது. அடுத்த ஆண்டு அதனை வெளியிட்டார். குமிழிக் கருவியோ மின்சாரமோ அவரிடம் இல்லை. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ அதே அளவு நீரே கொள்ளும். நமக்கு அதற்கு மேற்பட்ட தொட்டி எதற்கு?

வளர்க்கும் முறையும் கடினமன்று. ஆற்று மணலை நீர் தெளியும்வரை அலசி, இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்ப வேண்டும். குழாய்நீரை உடனே ஊற்றலாகாது. அதில் குளோரின் கலந்திருக்கும். அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தபின் ஊற்றுதல் நலம். ஒரு சாண் நீளமுள்ள தண்டுகளை ஐந்தாறாகச் சேர்த்து, அடியிலுள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு மணலில் ஊன்றி, மேலெழாதபடி ஒரு கல்லைச் சார்த்தி வைக்க வேண்டும். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் விழும் சன்னலோரம் இதற்கு ஏற்ற இடம். நாள் முழுதும் வெயில் பட்டால் நீர் சூடேறும். பச்சை நிறமாகவும் மாறிவிடும். வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும்; எடுத்த நீர் பூந்தொட்டிகளுக்கு நல்ல உரம்.

உரம் என்றதும் ஓர் எச்சரிக்கை. செம்பனைக்குப் போடும் உரத்தில் ஒரு பிடி எடுத்துத் தொட்டியில் இடலாம் எனத் தோட்டப் பிள்ளைகளுக்குத் தோன்றக்கூடும். இட்டால் மீன்கள் மாண்டுபோகும். மீனின் கழிவே இச்செடிக்குப் போதிய உணவு.

இச்செடி விரைந்து வளரும். ஏற்ற சூழலில் ஒரு நாளைக்கு ஓர் அங்குலம்கூட நீளும். அதனால் மாணவர் அடிகோல் கொண்டு அளந்து, நாள்தோறும் வரைபடம் தீட்டலாம். ஆனால் தொட்டி முழுதும் அடர்ந்துவிடவும் விடலாகாது. பகலில் உயிர்வளியைத் தரும் செடி இரவில் தானும் அதனை உட்கொள்ளும். செடி மிகுந்த தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து தவிப்பதைக் காணலாம். ஆதலின் வாரந்தோறும் கத்தரித்து அளவோடு வைத்தல் வேண்டும்.

கத்தரித்ததை எங்கே போடுவது? என் கருத்தில் இவ்வினாவே மற்றெல்லாவற்றினும் முதன்மையானது.

ஹைட்ரில்லாவின் வரலாற்றிலேயே இதற்கு விடை உண்டு. 1950ஆம் ஆண்டுகளில் இச்செடி இலங்கையிலிருந்து அமெரிக்காவுக்கு மீன்தொட்டிச் செடியாக விற்பனைக்குச் சென்றது. அங்கே புளோரிடா மாநிலத்துக் கால்வாயில் எறியப்பட்ட தண்டுகள் வேரூன்றின. கணு ஒன்று உள்ள துண்டு கிடைத்தாலும் முழுச்செடியாய் வளரும் இயல்பினது இது. சேற்றுக்குள் சிறு கிழங்குகளையும் விடும். 1960ஆம் ஆண்டில் அது அங்குள்ள இயற்கை நீர்நிலைகளில் பரவியிருப்பது கண்டறியப்பட்டது. அன்று தொட்டு ஏரிகளையும் ஆறுகளையும் அடைத்து, படகுகளை மறித்து, ஆண்டுதோறும் பல இலட்சம் டாலர் செலவை அம்மாநிலத்துக்கு வைத்து வருகின்றது. நம் மண்ணில் அடங்கிக் கிடக்கும் செடி, அயல்மண்ணில் அடங்காப்பிடாரி ஆயிற்று.

இதன் மறுபக்கத்தை நம் நாட்டிலேயே காணலாம். பகாங் மாநிலத்துச் சினி ஏரி தாமரைக்குப் பெயர் பெற்றது. 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கபொம்பா என்னும் செடி அவ்வேரியில் பரவித் தாமரைக்கு இடையூறாகியுள்ளது. விசிறிபோல் விரிந்த இலைகளையுடைய அழகிய செடி அது. மீன்தொட்டிக்கென விரும்பி வாங்கப்படுவது. அழகிய செடியை வாங்கலாமே என வற்புறுத்துவோர் சினி ஏரியை ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டுகின்றேன். பிள்ளைகள் கையிலுள்ள தொட்டி என்றேனும் ஒருநாள் கவிழும். அல்லது சலித்துப்போய்க் கால்வாயில் கொட்டப்படும். அவ்வாறு கொட்டப்படுவது அக்கால்வாயிலேயே பிறந்த செடியாக இருப்பின் கேடு குறைவு.

கெடா மாநிலத்துக்கு இது பிறர் கதையன்று. நாட்டின் நெற்களஞ்சியம் என்னும் பெயர் இம்மாநிலத்துக்குக் கால்வாய்களால் வந்தது. 1885ஆம் ஆண்டில் தொடங்கி வெட்டப்பட்ட வான் மாட் சமான் கால்வாய் முதல் 1970ஆம் ஆண்டில் அமைந்த மூடா வேளாண்மை வளர்ச்சி வாரியத்தின் பாசனக் கால்வாய்கள் வரை, எல்லாமே நீர் தடையின்றி ஓடினால்தான் பயன் தரும். தென்பகுதித் தோட்டங்கள் பலவற்றின் வடிகால் நீர் மூடா ஆற்றில் கலக்கின்றது. பினாங்கு மாநிலமும் தன் குடிநீரின் பெரும்பகுதியை அந்த ஆற்றிலிருந்தே பெறுகின்றது. ஆகவே, நாட்டுச்செடியே ஆயினும், கத்தரித்த துண்டுகளை வடிகாலில் எறியலாகாது. சிமெந்துத் தரையில் வெயிலில் நன்கு உலர்த்தி, பள்ளித் தோட்டத்து வாழைக்கு அடியில் இடுக.

கால்வாயிலிருந்து செடியைக் கொண்டுவருவதிலும் விழிப்பு வேண்டும். மாணவர் தாமே வடிகாலில் இறங்கலாகாது. எலியின் சிறுநீர் கலந்த நீர் காலிலுள்ள புண்வழி நோயைத் தரும். களைக்கொல்லி தெளித்த பகுதியில் எடுத்த செடி மீனுக்கு நஞ்சாகும். ஆசிரியரோ தந்தையரோ எடுத்துவந்து, ஒருவாரம் தனி வாளியில் இட்டு வைத்தல் நன்று. அட்டையும் வேண்டாத பூச்சிகளும் அதற்குள் வெளிப்பட்டுவிடும். தண்டில் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து ஒட்டியிருப்பின் அதனை நசுக்கி எறிக. அது சிபுட் கொண்டாங் எமாஸ் எனும் நத்தையின் முட்டை. 1991ஆம் ஆண்டில் நம் நாட்டில் முதன்முதலாகக் காணப்பட்ட அந்நத்தை இளநாற்றைத் தின்று உழவரை அலைக்கழிக்கின்றது.

வீட்டிலும் செடி வளர்க்க விழைவோர்க்கு ஒரு சொல். மீனில்லாத புட்டியில் நீர்ச்செடியை வைத்தல் கூடாது. தெளிந்த தேங்குநீர் ஏடிஸ் கொசுவுக்கு உகந்த இடம். முட்டை கொசுவாவதற்குப் பத்து நாள்கூட ஆகாது. டிங்கிக் காய்ச்சல் வருவதோடு, 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டமும் கட்ட நேரும். ஓடையில் கிடைக்கும் சிறு செலுவாங் மீன் இரண்டு இருந்தாலும் கொசுப்புழு மிஞ்சாது.

“ஐயா, இது கால்வாய்க் குப்பையாயிற்றே! வருகை தரும் பெரியோர்முன் இதையா வைப்பது?” எனக் கேட்பாரும் உளர். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; தோட்டத்துக் குடும்பங்கள் பல சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்தன. இன்று வேனில் வந்து வேனில் திரும்பும் நம் மாணவருட் பலர், பள்ளிக்கு அருகில் ஓடும் நீரில் என்ன வளர்கின்றது என்பதை அறியார். அவர் பாட்டன் பாட்டியர் அறிந்திருந்தனர். வருகையாளர் வியப்பதைவிட இப்பிள்ளைகள் அறிவதே எனக்குப் பெரிதாகப் படுகின்றது. நன்கொடையில் தொட்டி வாங்கியது போக மிஞ்சும் வெள்ளியைக் கொண்டு கைவில்லைகள் வாங்கலாம் என்பது பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நான் முன்வைக்கும் வேண்டுகோள்.

எஞ்சியிருப்பது விடுமுறைக் காலத்து ஏற்பாடு. விடுமுறைக்கு முன்னாள் செடியைப் பாதியாகக் கத்தரித்து, தொட்டியைச் சற்று நிழலுக்கு நகர்த்த வேண்டும். பலநாள் உணவை ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போகலாகாது. வாரத்துக்கு இருமுறை இருவர் வந்து, இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு உணவிட்டு, குறைந்த நீரை நிரப்பிச் சென்றால் போதும். தோட்டத்திலேயே குடியிருக்கும் ஐந்தாம் ஆண்டு மாணவர் அறுவர் இப்பணிக்குத் தம் பெயரைக் கொடுத்துள்ளனர்.