பல்லுதானே என்று விடலாமா?

இரத்தப் புற்றுநோய் என்றாலே நம்பிக்கை இழந்த காலம் ஒன்றிருந்தது. 1983-இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கிய எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை அந்நிலையை மாற்றியது. இன்று அதனை ஸ்டெம் செல் மாற்று என்கிறார்கள். இதில் வாய்க்கும் பல்லுக்கும் உள்ள பங்கை நாம் இன்னும் உணரவில்லை என்பதே என் கருத்து.

புதிய செல்களை ஏற்றுமுன், நோயுற்ற மஜ்ஜையைக் கடும் மருந்துகளால் அழிக்கிறார்கள். வேகமாகப் பெருகும் செல் எதுவாயினும் அம்மருந்து தாக்கும். வாயின் உட்தோலும் அத்தகையதே. சில நாட்களில் வாயெல்லாம் புண்ணாகி, எச்சிலை விழுங்குவதே வேதனையாகிவிடும். அதே நாட்களில்தான் வெள்ளணுக்களும் அற்றுப்போகின்றன. நெடுநாள் கவனியாத சொத்தைப் பல்லின் கிருமி அப்போது இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே பல் வைத்தியம் முன்கூட்டியே முடிய வேண்டும். பல்லைப் பிடுங்கினால் புண் ஆற இரு வாரமேனும் வேண்டுமே!

பின்பு வேண்டியவை எளியவை. மென்மையான பிரஷ், உப்பும் சோடா உப்பும் கலந்த நீரில் அடிக்கடி வாய் கொப்பளித்தல். மெல்ஃபலான் என்னும் மருந்து ஏறும்போது ஐஸ் துண்டை வாயில் அடக்கினால், இரத்தக் குழாய்கள் சுருங்கிப் புண் குறைகிறது. 1990-இல் டொனால் தாமஸுக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்த சிகிச்சைக்கு ஐஸ்கட்டி துணை நிற்பது விந்தைதான்!

நம் நாஞ்சில் நாட்டிலோ, தாங்க முடியாத வலி வந்தாலொழியப் பல் டாக்டரிடம் போவாரில்லை. உமிக்கரியும் பழுத்த மாவிலையும் போதும் என்பார்கள் பாட்டிமார். புண்பட்ட வாய்க்கு உமிக்கரி ஆகாது, கீறிவிடும். வெற்றிலை புகையிலையைச் சொல்லவே வேண்டாம்.

புற்றுநோய்க்கு நம் மாவட்டத்தார் பலர் திருவனந்தபுரத்திற்குப் பஸ் ஏறுகிறார்கள். துணைக்குப் போவது தாயோ மனைவியோதான். என் தாயாருக்குக் கையெழுத்து மட்டுமே போடத் தெரியும். எங்கள் வீட்டில் ஆங்கிலச் சீட்டைப் படிக்கிறவன் நான் ஒருவனே. 'ஓரல் ஹைஜீன்' என்று எழுதிய சீட்டு அத்தகைய தாய்க்கு என்ன சொல்லும்? வாயைக் கழுவி விடப்போவது அவரல்லவா? படத்துடன் ஒரு பக்கத் தமிழ்த்தாளும், நர்ஸ் ஒருவர் அருகிருந்து செய்து காட்டும் பத்து நிமிடமும் போதும். இதற்குக் கோடிகள் வேண்டியதில்லை.

நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் பல் பரிசோதனையையும் சேர்க்கலாம். தாளை எழுதித் தர விலங்கியல் மாணவர்கள் நாங்கள் ஆயத்தம். டாக்டர் ஒருவர் திருத்தித் தந்தால் போதும்.