ஸ்க்ரிப்ட் எழுதிய தம்பி கட்டார் போனால் யார் ஓட்டுவது?



எமது ஊர்களில் கணினி படித்த தம்பிமார் நூலகத்துக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும் பாடசாலைக்கும் சின்னச் சின்ன மென்பொருள் செய்து கொடுக்கிறார்கள். பெரும்பாலும் காசும் வாங்குவதில்லை. நல்ல விடயம். ஆனால் அந்தத் தம்பிக்கு ஒருநாள் விசா வந்துவிடும். பிறகு போல்டரைத் திறந்தால் பெக்கப், பெக்கப் நியூ, பெக்கப் பைனல் 2 என்று பத்து ஷெல் ஸ்க்ரிப்ட் கிடக்கும். (கறுப்புத் திரையில் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டிய கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்புதான் ஷெல் ஸ்க்ரிப்ட்.) எதை முதலில் ஓட்டுவது, எதைத் தொடவே கூடாது என்பது அவர் தலைக்குள் மட்டும் இருக்கிறது. வட்ஸ்அப்பில் கேட்டால், "நானா, டியூட்டி முடிஞ்சு சொல்றன்" என்று பதில் வரும்.

இதற்கான மருந்து பழையது. 1976இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டுவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். அவருடைய சகா ஒருவர் பிழையே இல்லாத புரோகிராமில் ஒரு காலை முழுக்கப் பிழை தேடியிருக்கிறார். திருத்திய கோப்பை மீண்டும் கம்பைல் செய்ய மறந்ததுதான் காரணம். எந்த வேலை எதற்குப் பிறகு நடக்க வேண்டும் என்பதை ஒரே கோப்பில் எழுதிவிட்டால், இந்த மறதி ஆட்களின் பொறுப்பில் இருக்காது. மேக்கில் கட்டளை வரி டெப் விசையோடுதான் தொடங்க வேண்டும். ஃபெல்ட்மன் அதை மாற்ற நினைத்தபோது ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பேர் பாவித்துக்கொண்டிருந்தார்களாம். அவர்களைக் குழப்ப விரும்பவில்லை. அந்தப் பன்னிரண்டு பேருக்காக உலகமே இன்றுவரை டெப் தட்டுகிறது!

மேக் பிறந்தது கோப்புகளைக் கட்டியெழுப்ப. எங்களுக்குத் தேவை வேலைகளை ஓட்டுவது மட்டும்தான். அதற்கு 'ஜஸ்ட்' என்ற சிறிய இலவசக் கருவி போதும் என்பது எமது கருத்து. ஜஸ்ட்ஃபைல் என்ற கோப்பில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர், அதன் கீழ் கட்டளைகள். பெயர் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். ஆனால் அதற்கு மேல் இடும் குறிப்பு தமிழில் இருக்கலாம்! லிஸ்ட் கேட்டால் பெயர்களோடு அந்தக் குறிப்புகளும் திரையில் வரும். "வியாழன் இரவு புத்தகப் பதிவைப் பிரதி எடுக்க" என்று எழுதியிருந்தால், அடுத்து வரும் பிள்ளை யாரையும் கேட்கத் தேவையில்லை. பதிவுகளை அழிக்கும் வேலைக்கு, ஓட முன் "நிச்சயமா?" என்று கேட்கவும் வைக்கலாம்.

இன்னொன்று இதைவிட முக்கியம். சாதாரண ஷெல் ஸ்க்ரிப்ட்டில் ஒரு வரி தோற்றாலும், நாம் தடுத்து வைக்காவிட்டால், அடுத்த வரி ஓடும். முதல் வரி புதிய பிரதி எடுப்பது, இரண்டாவது பழையதை அழிப்பது என்று வையுங்கள். டிஸ்க் நிரம்பி முதல் வரி தோற்றால், இருந்ததும் போய்விடும். மேக்கும் ஜஸ்ட்டும் தோற்ற இடத்திலேயே நின்றுவிடும். ஆனால் இவை ஒவ்வொரு வரியையும் தனித்தனி ஷெல்லில் ஓட்டுகின்றன. ஒரு வரியில் போல்டர் மாறினால் அடுத்த வரிக்கு அது தெரியாது. புதிதாகப் பழகுவோர் தடுமாறுவது இங்கேதான்.

"நாலு ஸ்க்ரிப்ட்டுக்கு இதெல்லாம் எதற்கு, ஒரு தாளில் எழுதி வைத்தால் போதாதா?" என்று கேட்பார்கள். தாளை யாரும் ஓட்டுவதில்லை. மென்பொருள் மாறும், தாள் மாறாது, அது பொய்யாகிப் போனதும் தெரியவராது. தினமும் ஓட்டும் கோப்பில் பிழை வந்தால் அன்றைக்கே கத்தும்.

விண்டோஸில் ஜஸ்ட்டுக்கு ஒரு ஷெல் தேவை. கிட் நிறுவினால் அதோடு வந்துவிடும். உயர்தரத்தில் ஐசிடி படிக்கும் பிள்ளைகள் ஒரு பின்னேரத்தில் பழகிக்கொள்வார்கள்.

வெளிநாடு போகத் தயாராகும் தம்பிமாரிடம் ஒரு வேண்டுகோள். டிக்கட் போட முன் ஒரு ஜஸ்ட்ஃபைல் எழுதி, கணினி தெரியாத ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, நீங்கள் வாய் திறக்காமல் அவரை ஓட்டச் சொல்லிப் பாருங்கள். அவர் எங்கே திணறுகிறாரோ அங்கே இன்னொரு தமிழ்க் குறிப்பு போடுங்கள்.