அட்டையும் பட்டியலும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி.)

'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்றனர் நம் முன்னோர். ஆனால் நோய் வந்தால் இருக்கும் செல்வமும் போய்விடுகிறதே, அதைத் தடுப்பது எப்படி? அதற்குத்தான் மருத்துவக் காப்பீடு. அதைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு.

எங்கள் ஊர் அணுபுரம் நகரியத்தை அடுத்த சிற்றூர். நகரியத்தில் வாழும் அணுசக்தித் துறை ஊழியர்களுக்குத் தனி மருத்துவத் திட்டம் உண்டு; கல்பாக்கத்தில் துறையின் மருத்துவமனையும் உண்டு. அந்த வீடுகளுக்கு வண்ணம் பூசும் என் தந்தையிடம் இருப்பதோ முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. 2012-இல் தொடங்கிய இத்திட்டம் இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது.

சென்ற ஆண்டு அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். அட்டை இருக்கிறதே என்ற தைரியத்தில், பெயர் பெற்ற ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றோம். "இந்தச் சிகிச்சைக்கு நாங்கள் பட்டியலில் இல்லை" என்றார்கள். அம்மா வலியால் துடித்தார். அவருடைய தோடு அடகுக்குப் போயிற்று. திருக்கழுக்குன்றம் வழியே பேருந்து ஏறியிருந்தால், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணமின்றி முடிந்திருக்கும். எங்களுக்குச் சொல்வார் யாருமில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நானும் அந்த அட்டையைப் புரட்டிப் பார்த்ததில்லை!

பட்டியல் வைப்பதே தவறென்று நான் சொல்லவில்லை. குறிப்பிட்ட மருத்துவமனைகளோடு கட்டணத்தை முன்கூட்டியே பேசி முடிப்பதால்தான் காப்பீடு மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் நம் ஊருக்கு எட்டாத பட்டியல் ஏட்டுச் சுரைக்காய்தானே? எத்தனை லட்சம் என்று கேட்கும் நாம், எந்த மருத்துவமனை, எந்த நோய்க்கு, எவ்வளவு தொலைவில் என்று கேட்க வேண்டாமா?

விபத்துக்குப் பட்டியல் தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிபட்டவன் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க முடியுமா? இதை உணர்ந்தே, நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை வேண்டியதில்லை. ஆயினும் அதற்கும் மருத்துவமனைப் பட்டியல் உண்டு. அதையும் அறிந்து வைத்திருப்பது நம் கடமை.

தனியார் காப்பீடு எடுப்போருக்கும் ஒரு வார்த்தை. 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி, பத்திரம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுக்கலாம். அந்த 30 நாட்களில் பட்டியலைப் படியுங்கள். அருகிலுள்ள மருத்துவமனைக்கு நேரில் சென்று, "இந்தக் காப்பீட்டை ஏற்கிறீர்களா?" என்று கேளுங்கள். பட்டியல் மாறும், ஆண்டுதோறும் கேளுங்கள்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். பட்டம் வாங்கும் முன்பே நாம் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. இந்த விடுமுறையில் வீட்டு அட்டையை எடுத்து, பக்கத்து வீட்டாரையும் அழைத்து, பட்டியலை உரக்கப் படித்துக் காட்டுவோம். படித்த பிள்ளை இருக்கும் தெருவில், தெரியாமையால் இன்னொரு தாயின் தோடு அடகுக்குப் போகக் கூடாது.