மூலப்பிரதி ஒருங்குறியில் இருக்கட்டும்

கொழும்பில் தமிழ் அச்சுத்தொழில் செய்வோருக்குப் பாமினி எழுத்துருவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையில் கோக்கும் கலியாண அழைப்பிதழும், பேலியகொடை அச்சகத்துக்குப் போகும் நினைவு மலரும் இன்றும் அதில் தயாராவதைக் காண்கிறோம். கணினிக்குத் தமிழ் தெரியாத காலத்தில் நம் பத்திரிகைகளையும் நூல்களையும் அச்சேற்றித் தந்த எழுத்துரு அது. அந்தத் தொண்டை மறுப்பதற்கில்லை.

ஆனால் பாமினிக் கோப்புக்குள் இருப்பது தமிழ் அன்று. ரோமன் எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்தியிருக்கிறோம். எழுத்துருவை நீக்கினால் எஞ்சுவது பொருளற்ற ரோமன் எழுத்துக் கோவை. அதில் ஒரு பெயரைத் தமிழில் தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் வாசிக்காது. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கி வருகிறது. ஈயத்தில் கோத்த பழைய நூலை வருடித்தான் ஆகவேண்டும். கணினியிலேயே கோத்த நூலையும் பக்கம் பக்கமாக வருடுவது, கோப்பைக் காக்கத் தவறிய நம் தொழிலின் குறை.

இதற்கு மாற்றான ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழ் 1991 முதல் இருக்கிறது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் வந்தது. இலங்கையின் தமிழ்க் குறியீட்டு நியமமான எஸ்எல்எஸ் 1326, 2008இல் வெளிவந்தது. பேஜ்மேக்கர் ஒருங்குறித் தமிழை ஏற்காது என்பது நெடுநாள் நியாயமான காரணமாக இருந்தது. 2012இல் வந்த இன்டிசைன் சிஎஸ்6 தமிழைக் கோக்கத் தொடங்கியதோடு அந்தக் காரணமும் போயிற்று. விரல் பழக்கமும் தடையில்லை. பாமினியில் பழகியவர் அதே விசைகளைப் பெரிதும் ரெங்கநாதன் விசைப்பலகையில் காண்பார்.

பழைய பாமினிக் கோப்பை ஒருங்குறி மாற்றியில் போட்டு எடுத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். ‘அவர்’ என்பதில் ரகரத்துக்குப் பதில் கால் புகுந்து ‘அவா்’ ஆகிவிடும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்புநோக்குபவர் கண்ணுக்கு அகப்படாது, தேடலில் மட்டும் காணாமற்போகும். ‘ஔவையார்’ என்பதன் முதலெழுத்து ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து ‘ஒளவையார்’ ஆவதும் இப்படித்தான். இவற்றைச் சொற்செயலியில் கண்ணால் தேடுவது வீண் பாடு. கோலத் தேடல் வசதியுள்ள எளிய உரைத்தொகுப்பி ஒன்று, காலை அடுத்துப் புள்ளி வரும் இடங்களையெல்லாம் நொடியில் காட்டிவிடும்.

நிரல் எழுதுவோருக்கும் இதில் பங்குண்டு. ‘தமிழ்’ என்னும் சொல் வாசிப்பவருக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியில் ஐந்து குறியீடு. யூடிஎஃப்-8இல் 15 பைட். இம்மூன்றையும் வேறுபடுத்தாத மென்பொருள், படிவத்தில் பெயரைப் பாதியில் வெட்டும்; உயிர்மெய்யின் நடுவில் சுட்டியை நிறுத்தும். ஆங்கிலச் சொல்லில் மட்டும் சோதித்த தொகுப்பியைத் தமிழருக்கென்று கொடுக்கக் கூடாது.

நாம் பரிந்துரைக்கும் ஒழுங்கு இது: ஆக்கம் முதலில் யூடிஎஃப்-8 எளிய உரையாக இருக்கட்டும். அதற்கு நோட்பேடே போதும். கருத்துரையும் திருத்தக் குறிப்பும் வேண்டுமானால் வேர்ட், லிப்ரே ஒஃபிஸ் போன்ற சொற்செயலிக்குப் போகலாம். திருத்தம் முடிந்த உரை மறுபடி மூலப்பிரதியில் சேரவேண்டும். பக்க வடிவமைப்பு கடைசி. அச்சுக்குப் போகும் இரவில் செய்யும் திருத்தங்கள் வடிவமைப்புக் கோப்போடு நின்றுவிடுவதே நம் தொழிலில் அதிகம் நடக்கும் இழப்பு. அடுத்த பதிப்பில் பழைய பிழைகள் திரும்பி வருவது அதனால்தான்.

பதிப்பாளர்களே, அச்சகத்திடம் பிடிஎஃப் கோப்பை மட்டும் வாங்கி வராதீர்கள். திருத்திய ஒருங்குறி உரையையும் கேட்டு வாங்குங்கள், அதற்கான கூலியையும் கொடுங்கள். தட்டச்சுப் பயிற்சி நடத்துவோர் புதிதாக வரும் மாணவருக்கு ஒருங்குறியிலேயே தொடங்குங்கள். பழைய பாமினிக் கோப்புகளை வைத்திருப்போர், அவற்றைத் திறக்கும் கணினி பழுதாகும் முன்பே மாற்றி, சரிபார்த்து, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.